சின்னக் கடை, சின்ன ஆபீஸ்: போன்ல இருந்து டேலி வரைக்கும் டேட்டாவைப் பாதுகாக்கற வழி

மளிகைக்கடை, பிரிண்டிங் பிரஸ், தறிப்பட்டறை, டிராவல்ஸ்னு எதுவா இருந்தாலும் சரி, சின்ன அளவுல தொழில் பண்றவங்களோட மொத்த வியாபாரமும் இன்னைக்கு ஒரு மொபைல் நம்பரையும் ஒரு ஜிமெயிலையும் நம்பித்தான் ஓடுது. பேங்க் ஓடிபி அந்த நம்பருக்கு வருது, ஜிஎஸ்டி ஓடிபி அதே நம்பருக்கு, ஆர்டர் எடுக்கறது அதே நம்பர்ல இருக்கற வாட்ஸ்அப்புல, பில்லும் கொட்டேஷனும் போறது அந்த ஜிமெயில்ல, போட்டோவும் கான்டாக்டும் அதுலயே. இந்த ரெண்டும் வேற ஒருத்தன் கைக்குப் போச்சுன்னா மத்த அக்கவுண்ட் எதையும் அவன் உடைக்கவே வேண்டியதில்ல, ஒவ்வொண்ணுலயும் போய் 'பாஸ்வேர்ட் மறந்துபோச்சு'ன்னு அழுத்தினா போதும், புது பாஸ்வேர்ட் வைக்கிற லிங்க் தானா அவன்கிட்டயே வந்துடும்.

நிறைய பேர் ஒரு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டுட்டு அத்தோட வேலை முடிஞ்சதுன்னு விட்டுடறாங்க. நான் வரிசையையே வேற மாதிரி சொல்றேன். முதல்ல மெயில், அப்புறம் சிம், அப்புறம் வாட்ஸ்அப், பணம், ஆதார் பான் பேப்பருங்க, அதுக்கப்புறம்தான் கம்ப்யூட்டரும் பேக்கப்பும், பிறகு கடையில வேலை பார்க்கறவங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல, ஆனா மெயிலையும் சிம்மையும் மட்டும் இன்னைக்கு ராத்திரியே உக்காந்து முடிச்சிடுங்க, ரெண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும்.

முதல்ல மெயில்

கூகுள் அக்கவுண்ட்டுக்குள்ள போய் செக்யூரிட்டி பக்கத்தைத் திறங்க. அங்க உங்க அக்கவுண்ட் எந்தெந்த போன்ல, எந்தெந்த கம்ப்யூட்டர்ல திறந்து கிடக்குன்னு ஒரு லிஸ்ட் இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி எக்ஸ்சேஞ்சுல கொடுத்த போன், வேலையை விட்டுப் போன பையன் யூஸ் பண்ண லேப்டாப், எப்பவோ பிரிண்ட் எடுக்கப் போன ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர் எல்லாம் அதுல நிக்கலாம். தெரியாததையும் தேவையில்லாததையும் சைன் அவுட் பண்ணிட்டு, உடனே பாஸ்வேர்டை மாத்துங்க.

பாஸ்வேர்ட்னா கடைப்பேரும் 123ம், பொண்ணு பேரும் பிறந்த வருஷமும், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலு தமிழ் வார்த்தையை எடுத்து இங்கிலீஷ் எழுத்துல சேர்த்து டைப் பண்ணுங்க, நடுவுல ஒரு நம்பர் வைங்க. நீளமா இருக்கும், உங்களுக்கு மறக்காது, ஊகிச்சுக் கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம். முக்கியமா மெயிலுக்கு வச்ச பாஸ்வேர்டை வேற எங்கயும் வைக்காதீங்க, ஏன்னா எங்கயோ ஒரு ஷாப்பிங் சைட்ல இருந்து பாஸ்வேர்ட் லிஸ்ட் கசிஞ்சா, திருடறவன் பண்ற முதல் வேலையே அதே மெயில் ஐடி, அதே பாஸ்வேர்டை ஜிமெயில்லயும் பேங்க்லயும் போட்டுப் பார்க்கறதுதான். உங்க மெயில் ஐடி அப்படி ஏதாவது கசிவுல மாட்டியிருக்கான்னு பார்க்கறதுக்கு 'ஹேவ் ஐ பீன் போன்ட்'னு ஒரு சைட் இருக்கு, டிராய் ஹன்ட்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் 2013ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, ஐடியை மட்டும் போட்டா எந்தக் கம்பெனி கசிவுல உங்க பேர் இருக்குன்னு காட்டும். ஒவ்வொரு சைட்டுக்கும் தனித்தனி பாஸ்வேர்ட் எப்படி ஞாபகம் வச்சுக்கறதுன்னு கேப்பீங்க, வச்சுக்க வேண்டாம், பிட்வார்டன் மாதிரி ஒரு பாஸ்வேர்ட் மேனேஜர் (எல்லா பாஸ்வேர்டையும் பூட்டி வச்சுக்கற ஆப்) போட்டுக்குங்க, அது வேண்டாம்னா ஒரு நோட்டுல எழுதி வீட்டு பீரோவுல பூட்டி வைங்க. பீரோவுல இருக்கற நோட்டை வெளிநாட்டுல உக்காந்திருக்கறவன் எடுக்க முடியாது, மானிட்டர்ல ஒட்டி வச்சிருக்கற சீட்டைத்தான் கடைக்கு வர்றவன் எல்லாம் படிப்பான்.

அடுத்து டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சோதனையை, ஆன் பண்ணுங்க. எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பாம ஆத்தென்டிகேட்டர் ஆப் (போன்லயே கோட் காட்டற ஆப்) இல்லன்னா பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா போன் லாக்கையோ கைரேகையையோ வச்சுத் திறக்கறது) வைக்கிறது நல்லது, ஏன்னா சிம்மைத் திருடினா எஸ்எம்எஸ்ஸும் சேர்ந்து போயிடும். கூகுள் 10 பேக்கப் கோட் கொடுக்கும், ஒவ்வொண்ணும் 8 இலக்கம், அதைப் பிரிண்ட் எடுத்து பத்திரம் வைக்கிற இடத்துல வைங்க. போன் தொலைஞ்ச அன்னைக்கு அந்தப் பேப்பர்தான் உங்களை உள்ள விடும்.

கடைசியா ஒண்ணு, இதைப் பாதிப் பேர் பார்க்கறதே இல்ல: ஜிமெயில் செட்டிங்ஸ்ல ஃபார்வேர்டிங், ஃபில்டர் ரெண்டையும் திறந்து பாருங்க. மெயிலுக்குள்ள புகுந்தவன் சத்தமில்லாம ஒரு ஃபார்வேர்ட் போட்டு வச்சுட்டுப் போயிடுவான், நீங்க பாஸ்வேர்டை மாத்தினாலும் உங்களுக்கு வர்ற மெயில் எல்லாம் ஒரு காப்பி அவனுக்குப் போயிட்டே இருக்கும்.

சிம்

போன்ல சிம் லாக் இருக்கும், அதை ஆன் பண்ணா போனை ரீஸ்டார்ட் பண்ணும்போதோ சிம்மை வேற போன்ல போடும்போதோ பின் கேக்கும். ஆன் பண்றதுக்கு முன்னாடி உங்க கம்பெனியோட டீஃபால்ட் பின் என்னன்னு கஸ்டமர் கேர்ல கேட்டுக்குங்க, தப்பா 3 தடவை போட்டா சிம் லாக் ஆயிடும், அப்புறம் பியுகே நம்பர் வாங்கித்தான் திறக்கணும். போனைப் பிடுங்கிட்டு ஓடறவன் முதல்ல பண்றது சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டு ஓடிபி வாங்கறதுதான், அந்த வேலை இதோட நின்னுடும்.

மத்தவங்க போன்ல எல்லாம் டவர் இருந்து உங்க போன்ல மட்டும் திடீர்னு சிக்னல் போய் ரொம்ப நேரம் வரலைன்னா நெட்வொர்க் கோளாறுன்னு விட்டுடாதீங்க, உங்க பேர்ல டூப்ளிகேட் சிம்மோ இசிம்மோ (போனுக்குள்ளயே இருக்கற டிஜிட்டல் சிம்) எடுத்திருக்கலாம், வேற போன்ல இருந்து உடனே கம்பெனிக்கும் பேங்க்குக்கும் போன் பண்ணுங்க.

அப்புறம் மத்திய அரசோட சஞ்சார் சாத்தி சைட்டுக்குப் போய் உங்க பேர்ல எத்தனை மொபைல் கனெக்ஷன் ஓடுதுன்னு பாருங்க. உங்களுக்குத் தெரியாத நம்பர் இருந்தா 'இது என் நம்பர் இல்ல'ன்னு அங்கயே ரிப்போர்ட் பண்ணலாம். போன் திருடு போனாலும் ஐஎம்இஐங்கற போனோட அடையாள நம்பரைக் கொடுத்து அதே சைட்ல பிளாக் பண்ணலாம், ஆனா அதுக்கு அந்த நம்பர் உங்க கையில இருக்கணும், *#06# போட்டா வரும், இப்பவே எழுதி வைங்க. இன்னொண்ணு, கூரியர்ல இருந்து பேசறேன், இந்த நம்பரை டயல் பண்ணுங்கன்னு யாராவது ஸ்டார், ஹேஷ் போட்டு எதையாவது சொன்னா டயல் பண்ணாதீங்க, அது உங்களுக்கு வர்ற காலை அவன் நம்பருக்குத் திருப்பி விடற கோட், ஓடிபியைக் காலா வாங்கிடுவான். ஏற்கனவே பண்ணிட்டோமோன்னு சந்தேகமா இருந்தா *#21# போட்டா ஃபார்வேர்ட் இருக்கான்னு காட்டும், ##002# போட்டா எல்லா ஃபார்வேர்டும் கேன்சல் ஆயிடும்.

வாட்ஸ்அப்

இதுல மூணு வேலை. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்ல 6 இலக்க பின் வைங்க. லிங்க்டு டிவைசஸ்ல போய் எங்கெல்லாம் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்குன்னு பாருங்க, ஜெராக்ஸ் கடையில திறந்துட்டு லாக் அவுட் பண்ணாம வந்தவங்க ஊர்ல ரொம்பப் பேர். மூணாவது, தெரிஞ்சவங்களே கேட்டாலும் எஸ்எம்எஸ்ல வந்த 6 இலக்க கோடைச் சொல்லாதீங்க. 'அண்ணே, தப்பா உங்க நம்பருக்கு ஒரு கோட் வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்புங்கண்ணே'ன்னு உங்க மச்சான் நம்பர்ல இருந்தே வரும், ஆனா மச்சானோட வாட்ஸ்அப் அதுக்கு முன்னாடியே பறிபோயிருக்கும். வாட்ஸ்அப்புல பதில் போடாம மச்சானுக்கு நேரா போன் பண்ணுங்க.

ஏபிகே ஃபைல் பத்திக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். கல்யாணப் பத்திரிகை, ஆர்டிஓ அபராதம், பிஎம் கிசான் பணம், பேங்க் கேஒய்சி, இப்படி ஏதாவது ஒரு பேர்ல ஒரு ஃபைல் வரும், பேரோட கடைசியில ஏபிகேன்னு இருக்கும். பத்திரிகைன்னா படமாவோ பிடிஎஃப்பாவோ வரணும், ஏபிகேன்னா அது ஒரு ஆப். அதை இன்ஸ்டால் பண்ணி கேக்கற பர்மிஷன் எல்லாம் கொடுத்துட்டா உங்க எஸ்எம்எஸ் பூரா அவன் படிப்பான், நீங்க ஓடிபியை யார்கிட்டயும் சொல்லாமலேயே பணம் போயிடும், பேங்க்ல போய் நான் யாருக்கும் சொல்லலைன்னு சத்தியம் பண்ணாலும் அவங்களுக்குப் புரியாது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்'னு ஒரு இடம் இருக்கும், அதுல வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வைங்க. அம்மா அப்பா போன்லயும் பண்ணி வைங்க, அவங்களுக்குத்தான் இது அதிகமா வருது.

பணம்

கடையோட பெரிய பணம் இருக்கற கரண்ட் அக்கவுண்ட்டை தினசரி யுபிஐக்கு யூஸ் பண்ற போன்ல இணைக்காதீங்க. தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் வச்சு, அதுல பத்தாயிரமோ இருபதாயிரமோ மட்டும் போட்டு அதை யுபிஐல இணைச்சுக்குங்க, போனா அதோட போகட்டும். பேங்க் ஆப்ல ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்பலாம்ங்கற லிமிட்டையும் குறைச்சு வைக்கலாம்.

பணம் வாங்கறதுக்கு யுபிஐ பின் தேவையே இல்ல, பேலன்ஸ் பார்க்கறதைத் தவிர பின் போட்டா உங்க காசு வெளிய போகுது, அவ்வளவுதான். 'சார், ரீஃபண்ட் அனுப்பியிருக்கேன், பின் போட்டு ஏத்துக்குங்க'ன்னு ஒருத்தன் சொன்னான்னா போனை வச்சிடுங்க. கவுண்டர்ல ஸ்கிரீன்ஷாட் காட்டிட்டுப் போறவங்களையும் நம்ப வேண்டாம், சவுண்ட் பாக்ஸ் சொல்லணும் இல்லன்னா பேங்க் மெசேஜ் வரணும். காலையில கடை திறந்ததும் உங்க க்யூஆர் ஸ்டிக்கர் மேல வேற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்னு ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்க, அதுல உங்க பேர்தான் வருதான்னு.

பேங்க் சைட்டுக்குப் போகும்போது கூகுள்ல தேடி முதல்ல வர்ற லிங்க்கை அழுத்தாதீங்க, விளம்பரமா போலி சைட் வரலாம். ரிசர்வ் பேங்க் எல்லா பேங்க்கையும் 2025 அக்டோபர் 31க்குள்ள 'டாட் பேங்க் டாட் இன்'ங்கற முகவரிக்கு மாறச் சொல்லுச்சு, அந்த முகவரி பதிவு பண்ண பேங்க்குக்கு மட்டும்தான் கிடைக்கும், அதனால அட்ரஸ் அப்படி முடியுதான்னு பாருங்க. கஸ்டமர் கேர் நம்பரும் அதே மாதிரி, கார்டுக்குப் பின்னாடி இருக்கறதையோ பாஸ்புக்ல இருக்கறதையோ எடுத்துக்குங்க.

போலீஸ், சிபிஐ, கஸ்டம்ஸ்னு வீடியோ கால்ல வந்து 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்றோம், போனைக் கட் பண்ணக் கூடாது'ன்னு மிரட்டுவாங்க. நம்ம நாட்டுச் சட்டத்துல அப்படி ஒரு அரெஸ்ட்டே கிடையாது. கட் பண்ணிட்டு பக்கத்துல இருக்கற மனுஷங்ககிட்ட சொல்லுங்க, தனியா வச்சிருக்கறதுதான் அவங்களோட பலமே.

ஆதார், பான்

ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்புல ஆதார் பிடிஎஃப் அனுப்பி பிரிண்ட் எடுக்கறோம், பிரிண்ட் கைக்கு வந்துடும், ஃபைல் அந்த கம்ப்யூட்டர்லயே கிடக்கும், அங்க ஒரு நாளைக்கு நூறு பேர் வந்து போவாங்க. முடிஞ்சா பென் டிரைவ்ல கொண்டு போங்க, இல்லன்னா பிரிண்ட் எடுத்ததும் கண்ணு முன்னாடியே டெலிட் பண்ணச் சொல்லுங்க, நல்ல கடைக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்க. லாட்ஜுக்கும் மத்த இடத்துக்கும் மாஸ்க்டு ஆதார் கொடுங்க, அதுல கடைசி 4 இலக்கம் மட்டும்தான் தெரியும், ஆதார் சைட்லயே டவுன்லோட் பண்ணலாம். எதுக்குக் கொடுக்கறோம்னு காப்பி மேலயே குறுக்கால எழுதி தேதி போட்டு கையெழுத்துப் போடற பழக்கம் நம்ம பெரியவங்களுக்கு உண்டு, அதை விடாதீங்க.

ஆதார்ல பயோமெட்ரிக் லாக்னு ஒண்ணு இருக்கு. பத்திரத்துலயும் மத்த டாக்குமென்ட்லயும் இருக்கற கைரேகையைக் காப்பி அடிச்சு, ஆதார் வழியா பேங்க் பணத்தை எடுக்கற மோசடி நடந்திருக்கு, லாக் போட்டா அந்த வழி அடைபடும். ரேஷன் கடையிலயோ சிம் வாங்கறதுக்கோ கைரேகை வைக்கப் போற நாள்ல மட்டும் கொஞ்ச நேரத்துக்குத் திறந்துக்கணும், இதை வீட்ல ரேஷன் வாங்கப் போறவங்களுக்கும் சொல்லி வச்சிடுங்க, இல்லன்னா கியூவுல நின்னுட்டுத் திட்டுவாங்க.

பான் விஷயத்துல இதை எல்லாரும், தொழில் பண்ணாதவங்களும் செய்யணும்: ஜிஎஸ்டி போர்ட்டல்ல லாகின் பண்ணாமலேயே பான் நம்பரைப் போட்டுத் தேடலாம், அந்த பான்ல எத்தனை ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கு, எந்த மாநிலத்துலன்னு காட்டும். கூலி வேலைக்குப் போறவங்க பேருக்குக் கோடிக்கணக்குல வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்த கதை நம்ம தமிழ்நாட்டுலயே பல ஊர்ல நடந்திருக்கு. லோன் வாங்கித் தர்றேன், அரசுப் பணம் வாங்கித் தர்றேன்னு சொல்லி ஆதார் பான் காப்பியை வாங்கிட்டுப் போய் அவங்க பேர்லயே கம்பெனி ஆரம்பிச்சிடறாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வீட்ல இருக்கற எல்லார் பான்னையும் போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

கம்ப்யூட்டரும் பேக்கப்பும்

இங்கதான் நிறுத்தி நிதானமா சொல்லணும், ஏன்னா பணம் போனா கொஞ்சமாவது திரும்பி வர வாய்ப்பு இருக்கு, அஞ்சு வருஷ டேலி (கணக்கு எழுதற சாப்ட்வேர்) டேட்டா ரான்சம்வேர்ல போச்சுன்னா பேக்கப் இல்லாதவங்களுக்குத் திரும்பி வர்றது ரொம்ப அபூர்வம். ரான்சம்வேர்னா உங்க ஃபைலை எல்லாம் அவன் சாவி போட்டுப் பூட்டிட்டு, சாவிக்குப் பணம் கேக்கறது. யார் கடைய எவன் பார்க்கப் போறான்னு நினைக்காதீங்க, அவன் ஆளைப் பார்த்து வர்றதில்ல, புரோகிராம் ஒண்ணு இன்டர்நெட் முழுக்க திறந்து கிடக்கற கம்ப்யூட்டரைத் தேடிட்டே இருக்கும்.

2017 மே 12ஆம் தேதி வான்னாக்ரைங்கற ரான்சம்வேர் பரவினப்போ இங்கிலாந்துல என்எச்எஸ்ங்கற அரசு ஆஸ்பத்திரிங்க ஆபரேஷனைத் தள்ளி வைக்கற நிலைமைக்கு வந்தாங்க, நம்ம பக்கத்துல கேரளாவுல பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டரெல்லாம் கூட மாட்டுச்சு, 300 டாலர் பிட்காயின்ல கேட்டாங்க. பஞ்சாயத்து ஆபீஸ்ல யாரு என்ன பெரிய ரகசியம் வச்சிருந்தாங்க? அது புகுந்த ஓட்டையை அடைக்கற அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, மார்ச்லயே கொடுத்துட்டாங்க. அப்டேட் போட்ட கம்ப்யூட்டர்ல அந்த ஓட்டை வழியா அதால நுழைய முடியல. யாரும் எந்த லிங்க்கையும் அழுத்த வேண்டியதே இல்லாம ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு நெட்வொர்க் வழியாவே தாவுச்சு அது.

அதனால அப்டேட்டை நிறுத்தி வைக்காதீங்க, கடை மூடற நேரத்துல ஓடற மாதிரி வச்சுக்குங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, இன்னும் அதுல ஓடற கம்ப்யூட்டர் இருந்தா விண்டோஸ் 11க்கு மாத்தப் பாருங்க, மாறாத பழைய மெஷினா இருந்தா அதுல பேங்க் வேலையும் மெயிலும் பார்க்காதீங்க. கிராக் பண்ண விண்டோஸ், கிராக் பண்ண டேலி, கிராக் பண்ண போட்டோஷாப், இதைப் பத்தி எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது: அதை இன்ஸ்டால் பண்ணும்போது 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க'ன்னு அவனே சொல்றான், நீங்களே கதவைத் திறந்து கொடுக்கறீங்க. விண்டோஸோட வர்ற டிஃபென்டர் ஆன்டிவைரஸே சின்ன ஆபீஸுக்குப் போதும், அதுல 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்'னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணி டேலி டேட்டா ஃபோல்டரையும் பில் ஃபோல்டரையும் சேர்த்து விடுங்க, தெரியாத புரோகிராம் எதுவும் அதுல எழுத முடியாது. டேலியே எழுத முடியலைன்னு காட்டினா அதை மட்டும் அனுமதி லிஸ்ட்ல சேர்த்துக்குங்க.

வீட்ல இருந்து டேலி பார்க்கணும்னு ரிமோட் டெஸ்க்டாப்புக்கு (தூரத்துல இருந்து கம்ப்யூட்டரைத் திறக்கற வசதி) ரவுட்டர்ல போர்ட்ங்கற வாசலைத் திறந்து விட்டிருப்பாங்க, பாஸ்வேர்ட் கடைப்பேரா இருக்கும். ரான்சம்வேர் கும்பல் ரொம்ப விரும்பி நுழையற வாசல் அதுதான். யார் செட் பண்ணிக் கொடுத்தாங்களோ அவங்களைக் கூப்பிட்டு போர்ட்டை மூடச் சொல்லுங்க, வெளிய இருந்து பார்த்தே ஆகணும்னா விபிஎன்ங்கற பூட்டின தனிப் பாதை வழியா பண்ணச் சொல்லுங்க. எனிடெஸ்க் மாதிரி ஆப்ல எப்ப வேணா உள்ள வர்ற பாஸ்வேர்ட் வச்சிருந்தா அதையும் எடுத்துடுங்க, சர்வீஸ் பையன் வேலை பார்க்கும்போது மட்டும் திறந்து விட்டா போதும்.

இப்ப பேக்கப். 3 காப்பி, 2 வேற வேற வகை சாதனத்துல, அதுல 1 கடைக்கு வெளிய, இது பழைய கணக்கு, இன்னைக்கும் சரிதான். சின்னக் கடைக்கு நான் சொல்ற முறை: ரெண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்க, ஒண்ணுல 'அ' இன்னொண்ணுல 'ஆ'ன்னு எழுதுங்க. ஒரு வாரம் 'அ', அடுத்த வாரம் 'ஆ'. சாயங்காலம் டேலியில டேட்டா மெனுவுக்குப் போய் பேக்கப் எடுத்து, பில், ஸ்டாக், டிசைன் ஃபைல் எல்லாத்தையும் டிஸ்க்ல தேதி போட்ட ஃபோல்டர்ல காப்பி பண்ணிட்டு உடனே கழட்டுங்க. கழட்டறதுதான் முக்கியம், ஏன்னா மாட்டியே விட்டிருந்தா ரான்சம்வேர் அந்த டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிடும். யூஸ்ல இல்லாத டிஸ்க் வீட்ல இருக்கட்டும், கடையில தீப்பிடிச்சாலும் மழைத்தண்ணி புகுந்தாலும் அது தப்பிச்சிடும். சென்னையில 2015 டிசம்பர் வெள்ளத்துல கீழ்த்தளத்துல இருந்த ஆபீஸ்ல எல்லாம் கம்ப்யூட்டரும் பக்கத்துல வச்சிருந்த பேக்கப்பும் சேர்ந்தே முழுகுச்சு.

கூகுள் டிரைவ்ல தானா ஏறுதே அது போதாதான்னு கேப்பாங்க. அது சிங்க், கம்ப்யூட்டர்ல ஃபைல் கெட்டா அங்கயும் கெட்டதுதான் போய் உக்காரும். பழைய வெர்ஷனை டிரைவ் 30 நாள் வச்சிருக்கும்ங்கறதால மீட்க முடியலாம், ஆனா ஆயிரக்கணக்கான ஃபைலை ஒவ்வொண்ணா மீட்டுப் பாருங்க, தெரியும். டிரைவ் கூடுதலா இருக்கட்டும், டிஸ்க்குக்குப் பதிலா வேண்டாம்.

மாசத்துக்கு ஒரு தடவை பேக்கப்பை வேற கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி திறந்து பாருங்க. டிஸ்க் கெட்டுப் போயிருக்கறதும் தப்பான கம்பெனியோட டேட்டாவை வருஷக்கணக்கா பேக்கப் எடுத்துட்டு இருக்கறதும் அப்பத்தான் தெரியும். டேலி டேட்டாவைப் பூட்டற டேலி வால்ட் பாஸ்வேர்ட் போட்டிருந்தா அதை எழுதி வைங்க, மறந்தா திறக்கறதுக்கு வழி கிடையாது.

பேக்கப் எவ்வளவு பெரிய விஷயம்னா, 2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ்ல சர்வர் எல்லாம் ரான்சம்வேர்ல மாட்டி கிட்டத்தட்ட ரெண்டு வாரம் ஓபி சீட்டுல இருந்து பில் வரைக்கும் கையால எழுதினாங்க, நாட்டோட பெரிய ஆஸ்பத்திரி அது. பாதிக்கப்படாம இருந்த ஒரு பேக்கப் சர்வர்ல இருந்துதான் ஆஸ்பத்திரி டேட்டாவைத் திரும்ப எடுத்தோம்னு அரசாங்கம் பார்லிமென்ட்லயே சொல்லுச்சு. நெட்வொர்க்கை சரியாப் பிரிச்சு வைக்காததுதான் காரணம்னும் சொன்னாங்க. உங்க ஆபீஸுக்கு அதுல எடுத்துக்க வேண்டியது, கடைக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கற வைஃபை வேற, டேலி ஓடற வைஃபை வேறயா இருக்கணும், பெரும்பாலான ரவுட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க்னு இருக்கும், அதை ஆன் பண்ணா போதும். ரவுட்டர், சிசிடிவி ரெண்டுலயும் வாங்கும்போது வந்த அட்மின் பாஸ்வேர்டையும் மாத்துங்க, 2016ல மிராய்ங்கற புரோகிராம் டீஃபால்ட் பாஸ்வேர்டோட இருந்த கேமராக்களை லட்சக்கணக்குல பிடிச்சு வச்சுத்தான் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் வரைக்கும் முடக்குச்சு.

ஆளுங்க, ஆடிட்டர், சப்ளையர்

அக்கவுண்ட்ஸ் பார்க்கற பொண்ணுக்குத் தனி டேலி யூசர், பில் போடற தம்பிக்குத் தனி யூசர், விண்டோஸ்லயும் அவங்க அட்மின் இல்லாத அக்கவுண்ட்ல வேலை பார்க்கட்டும். சந்தேகப்பட்டுச் செய்யறதில்ல இது, அவங்க தெரியாம எதையாவது அழுத்தினாலும் சேதம் கம்மியா இருக்கும், பழியும் அவங்க மேல விழாது. ஒருத்தர் வேலையை விட்டுப் போனா அன்னைக்கே பாஸ்வேர்ட் மாத்துங்க, நல்லபடியா போனாலும்தான்.

ஜிஎஸ்டி போர்ட்டல்ல உங்க ரிஜிஸ்ட்ரேஷன்ல யாரோட மொபைலும் மெயிலும் இருக்குன்னு பாருங்க. பல கடைகளுக்கு ஆரம்பத்துல ரிஜிஸ்டர் பண்ணிக் கொடுத்த ஆடிட்டர் ஆபீஸ் நம்பரே இன்னும் இருக்கும், உங்களுக்கு வர்ற நோட்டீஸ் உங்களுக்கே தெரியாது. டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனையும் பின் எழுதின சீட்டோட ஆடிட்டர் ஆபீஸ்லயே போட்டு வைக்காதீங்க, அது உங்க கையெழுத்து, வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீங்களா? வேலை இருக்கும்போது கொண்டு போங்க, முடிஞ்சதும் எடுத்துட்டு வாங்க.

எக்ஸ்போர்ட் பண்றவங்க, வெளியூர்ல சரக்கு வாங்கறவங்க இதைக் கவனமா படிங்க. சப்ளையரோட மெயிலுக்குள்ள ஒருத்தன் புகுந்து பல வாரம் சும்மா படிச்சுட்டே இருப்பான், இன்வாய்ஸ் போற நேரம் பார்த்து அதே மாதிரி லெட்டர்ஹெட்ல 'எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, இனிமே இதுக்கு அனுப்புங்க'ன்னு ஒரு மெயில் போடுவான். மெயில் ஐடியில ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும், சில சமயம் அது கூட மாறியிருக்காது. அக்கவுண்ட் நம்பர் மாத்தச் சொல்லி எந்த வழியில வந்தாலும், உங்க போன்ல பழைய நாள்ல இருந்து இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டு, குரல் தெரிஞ்ச ஆள்கிட்ட கேட்டுட்டுத்தான் அனுப்பணும், அந்த மெயில்லயே இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டா எடுக்கறதும் அவனாத்தான் இருப்பான். இதை அக்கவுண்ட்ஸ் டேபிள்ல ஒரு விதியாவே வைங்க, முதலாளியே 'அவசரம், உடனே போடு'ன்னு மெசேஜ் பண்ணாலும் கூப்பிட்டுக் கேக்கணும், கேட்டதுக்கு முதலாளி திட்டக் கூடாது.

கஸ்டமர் நம்பர், அட்ரஸ் லிஸ்ட்டும் உங்க பொறுப்புதான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்துச்சு, விதிகள் 2025 நவம்பர்ல வெளியாகி படிப்படியா அமலுக்கு வருது, பாதுகாப்பு சரியா இல்லாம டேட்டா கசிஞ்சா அதிகபட்ச அபராதம் 250 கோடி வரைக்கும் இருக்கு. சின்னக் கடைக்கு அவ்வளவு போடுவாங்கன்னு சொல்லல, ஆனா தேவையில்லாம ஆதார் காப்பி வாங்கி ஃபைல்ல அடுக்கற பழக்கத்தை இப்பவே விட்டுடுங்க, உங்ககிட்ட இல்லாதது உங்ககிட்ட இருந்து கசியாது.

நடந்துடுச்சுன்னா

பணம் போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே 1930க்கு, அதாவது சைபர் கிரைம் ஹெல்ப்லைனுக்கு, போன் பண்ணுங்க. ஸ்டேஷனுக்குப் போகலாமா, யார்கிட்டயாவது கேட்கலாமான்னு யோசிக்கற நேரத்துல பணம் அக்கவுண்ட் விட்டு அக்கவுண்ட் தாவி ஏடிஎம்ல வெளிய போயிடும். 1930ல சொன்னா அது போன பேங்க்குகளுக்குத் தகவல் போய், அங்கங்க நிக்கற பணத்தை முடக்குவாங்க. கூப்பிடும்போது டிரான்சாக்ஷன் நம்பர், நேரம், தொகை, உங்க அக்கவுண்ட் நம்பர் கையில இருக்கட்டும். லைன் கிடைக்கலைன்னா சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் சைட்ல பதிவு பண்ணுங்க. அடுத்த போன் பேங்க்குக்கு, கம்ப்ளெய்ன்ட் நம்பர் வாங்காம வைக்காதீங்க. 2017 ஜூலையில ரிசர்வ் பேங்க் போட்ட சுற்றறிக்கைப்படி, தப்பு உங்க மேலயும் இல்லாம பேங்க் மேலயும் இல்லாம வேற எங்கயோ நடந்திருந்து, பேங்க் மெசேஜ் வந்து 3 வேலை நாளுக்குள்ள நீங்க சொல்லிட்டா நஷ்டம் உங்களுக்குக் கிடையாது. நீங்களே ஓடிபி கொடுத்திருந்தா சொல்ற வரைக்கும் போனது உங்களோடது, சொன்ன பிறகு போறது பேங்க்கோட பொறுப்பு. அதனால வெக்கப்பட்டுட்டு ஒரு நாள் தள்ளிப் போடாதீங்க. இதுல ஏமாந்தவங்கள்ல பேங்க் ஆபீசர் இருக்காங்க, டாக்டர் இருக்காங்க, புத்திக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

ரான்சம்வேர்னா முதல் வேலை நெட் கேபிளைப் பிடுங்கறது, வைஃபையை ஆஃப் பண்றது, மத்த கம்ப்யூட்டரையும் பிரிக்கறது. பேக்கப் டிஸ்க்கை அவசரத்துல அந்த மெஷின்ல மாட்டிடாதீங்க. ஸ்கிரீன்ல வந்ததைப் போட்டோ எடுத்துட்டு, வேற கம்ப்யூட்டர்ல 'நோ மோர் ரான்சம்'ங்கற சைட்டைப் பாருங்க, யூரோபோல்ங்கற ஐரோப்பிய போலீஸ் அமைப்பும் நெதர்லாந்து போலீஸும் ரெண்டு செக்யூரிட்டி கம்பெனியோட சேர்ந்து 2016ல ஆரம்பிச்சது, சில வகைக்கு இலவசமாவே சாவி அங்க இருக்கு. இல்லன்னா பூட்டின ஃபைலைத் தூக்கிப் போடாம ஒரு டிஸ்க்ல எடுத்து வைங்க, பின்னாடி சாவி வெளிவந்த வகைகளும் உண்டு. மெஷினை முழுசா அழிச்சுட்டு விண்டோஸ் புதுசா போட்டு, அதுக்கப்புறம் பேக்கப்பை ஏத்துங்க. பணம் கட்டறதைப் பத்தி என் கருத்து, கட்டாதீங்க, கட்டினாலும் சாவி வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, கட்டற கடைன்னு தெரிஞ்சா திரும்ப வருவான்.

ஏமாந்த கொஞ்ச நாள்ல இன்னொரு கூட்டம் வரும். 'நீங்க இழந்த பணத்தை மீட்டுத் தர்றோம், சைபர் செல் எங்களுக்குத் தெரியும், ஃபீஸ் அஞ்சாயிரம் மட்டும்'னு போன் பண்ணுவாங்க, உங்க பேரு, போன தொகை எல்லாம் சரியாச் சொல்வாங்க, ஏன்னா லிஸ்ட் அவங்ககிட்டதான் இருக்கு. போலீஸோ பேங்க்கோ பணத்தை மீட்கறதுக்கு ஃபீஸ் கேக்காது. அந்த நம்பரையும் குறிச்சு வச்சு, ஏற்கனவே கொடுத்த புகார் நம்பரைச் சொல்லி போலீஸ்கிட்டயே சேர்த்துக் கொடுங்க.